பெரிய ஸ்பீக்கருக்கு எத்தனை வாட் வால்வு ஆம்ப் வேண்டும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஒவ்வொன்றிலும் இரண்டு 8 அங்குல வூஃபர் (பேஸ் ஒலிக்கான பெரிய கூம்பு), பின்பக்கத் தகட்டில் 89 டெசிபல், 4 ஓம் என்று போட்டிருக்கிறது. அறை 20க்கு 14 அடி, நீங்கள் உட்காரும் இடம் ஸ்பீக்கரிலிருந்து 11, 12 அடி. இப்போது இருப்பது 100 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப், அதிலிருந்து வால்வுக்கு, அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய் வகைக்கு, மாற ஆசை. 300பி வால்வு போட்ட 8 வாட் ஆம்ப்பைக் கேட்டால் வேறு எதுவும் பிடிக்காது என்கிறார் ஒருவர். இவ்வளவு பெரிய பெட்டிக்கு 60 வாட்டுக்குக் கீழே போனால் எடுபடாது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள். ஆனால் இருவருமே ஒரு விஷயத்தை யோசிக்காமல் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, அதாவது வாட் கணக்கைப் பார்த்தால் போதும் என்பதை. உங்கள் ஸ்பீக்கருக்கு வாட் பாதிப் பிரச்சினைதான். மீதிப் பாதி அந்த 4 ஓம் என்ற எண்ணில் இருக்கிறது.

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். இருபது வருடத்துக்கும் மேலாக வால்வு ஆம்ப்களைப் பழுது பார்க்கிறேன், சிலவற்றை நானே கட்டியிருக்கிறேன், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஸ்பீக்கரை நான் கேட்டதில்லை, அதன் இம்பீடன்ஸ் வளைவையும், அதாவது சுருதிக்குச் சுருதி அதன் மின்தடை எப்படி மாறுகிறது என்ற படத்தையும், பார்த்ததில்லை. ஆகவே கீழே சொல்வதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் பெட்டியின் அளவு. பெரிய ஸ்பீக்கர் என்றாலே பெரிய ஆம்ப் வேண்டும் என்பது தவறு, பல நேரம் நேர் எதிராகவே இருக்கும். ஆழமான பேஸ், சிறிய பெட்டி, குறைந்த பவரில் அதிக சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் பெறலாம், மூன்றாவதை விட்டுக்கொடுத்தாக வேண்டும். இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். பெட்டியைப் பெரிதாக்கச் சம்மதித்தவருக்குக் குறைந்த வாட்டிலேயே நிறைய சத்தமும் பேஸும் சேர்ந்து கிடைக்கும். 1946இல் வந்த கிளிப்ஷ்ஹார்ன் என்ற மூலை ஹார்ன் ஸ்பீக்கர் (ஊதுகுழல் வாய்போல விரியும் வகை) ஆள் கனம் இருக்கும், ஆனால் ஒரு வாட்டுக்கே 100 டெசிபலைத் தாண்டும். அதற்கு 3 வாட் ஆம்ப் தாராளம். 300பி வால்வு 1930களில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் செய்தது, அந்தக் காலத்து சினிமா தியேட்டர்களில் அந்த வகை வால்வுகள் சில வாட்டில் அரங்கையே நிரப்பின, காரணம் திரைக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கர்கள் ஹார்ன் வகை. ஆம்ப் சின்னது, ஸ்பீக்கர் அசாத்தியத் திறன் கொண்டது, இரண்டும் ஒரு ஜோடி. அந்த ஜோடியைப் பிரித்து ஆம்ப்பை மட்டும் எடுத்து இன்றைய உயரமான ஒல்லி ஸ்பீக்கரில் மாட்டும்போதுதான் ஏமாற்றம் வருகிறது.

சரி, உங்கள் 89 டெசிபலுக்கு வருவோம். அந்த எண்ணை எடுக்கும்போது பெரும்பாலும் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளப்பார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் சரியாக 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கோ அது 2 வாட். ஆக உங்களுடையது ஒரு வாட்டுக்கு 89 இல்லை, 86தான். டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் இது பெரிய விஷயமில்லை, அது வோல்ட்டைக் கொடுத்துவிட்டு வேண்டிய கரண்ட்டையும் தள்ளிவிடும். வால்வு ஆம்ப்பில் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் வாட் கணக்குதான் உண்மையான கணக்கு.

உங்கள் இடத்தில் என்ன கிடைக்கும் என்று பார்ப்போம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும், அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது. 12 அடிக்கு 6, 7 டெசிபல் இழப்பு என்று வைக்கிறேன் (இது என் மதிப்பீடு, அறைக்கு அறை மாறும்). இரண்டு ஸ்பீக்கர் சேர்வதால் 3 டெசிபல் திரும்ப வரும். ஆக, ஆளுக்கு 1 வாட் கொடுத்தால் உங்கள் காதுக்கு ஏறத்தாழ 83 டெசிபல். இது வீட்டில் நன்றாகவே சத்தம். நிதானமாகக் கேட்கும்போது நீங்கள் அரை வாட்கூடச் செலவழிக்க மாட்டீர்கள், ‘8 வாட் போதும்’ என்பவர் சொல்வதில் உள்ள உண்மை இதுதான். ஆனால் இசை சராசரியில் ஓடுவதில்லை. தவில் அடியோ, பியானோவின் அழுத்தமான தட்டோ சராசரிக்கு 15 டெசிபல் மேலே போகும், நன்றாகப் பதிவு செய்த இசையில் 20கூடப் போகும். சராசரி 79 என்று வைத்தால் உச்சம் 94 முதல் 99 வரை. 83இலிருந்து 94க்குப் போக 12, 13 வாட், 99க்குப் போக 40 வாட். 8 வாட் ஆம்ப் 92இல் நின்றுவிடும். அதாவது சற்றுத் தணித்துக் கேட்கும் ஆளுக்கு, குரலும் வீணையும் மட்டும் கேட்பவருக்கு, 8 வாட் ஓடலாம். எல்லாம் கேட்பேன், சில நாள் கொஞ்சம் ஏற்றியும் கேட்பேன் என்றால் 40 முதல் 60 வாட் என்பது நியாயமான இடம். இந்த அளவில் இரண்டாமவர் பக்கம்தான் நான்.

ஆனால் வெறும் 60 வாட் என்று தேடினாலும் தப்பாகப் போகலாம், காரணம் இம்பீடன்ஸ். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். தகட்டில் போட்ட 4 ஓம் ஒரு பெயரளவு எண். உண்மையில் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஒவ்வொரு சுருதிக்கும் ஒவ்வொன்றாக இருக்கும்: பேஸ் பகுதியில் ஓரிடத்தில் 20 ஓமுக்கு ஏறும், 100 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் 3, 4 ஓமுக்கு இறங்கும், வூஃபரிலிருந்து சின்னக் கூம்புக்கு ஒலி கைமாறும் கிராஸ்ஓவர் பகுதியில் மறுபடி ஏறி இறங்கும். ஆம்ப்புக்கும் தனக்கென்று ஒரு உள் இம்பீடன்ஸ் உண்டு. டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் அது 0.1 ஓமுக்கும் கீழே, கணக்கில் எடுக்கத் தேவையில்லை. ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலில் ஒரு பங்கை உள்ளே திருப்பி அனுப்பிப் பிழையைத் திருத்துவது) இல்லாத 300பி ஆம்ப்பில் 8 ஓம் டேப்பில், அதாவது 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டுவதற்கான முனையில், 2 ஓம் அல்லது அதற்கு மேலே. இப்போது 2 ஓம் ஆம்ப்பை அந்த ஸ்பீக்கரில் மாட்டினால், இம்பீடன்ஸ் 20 ஓமாக உள்ள இடத்தில் 0.8 டெசிபல் இழப்பு, 4 ஓமாக உள்ள இடத்தில் 3.5 டெசிபல் இழப்பு. இரண்டுக்கும் இடையே 2.7 டெசிபல் ஏற்றத்தாழ்வு. யாரோ ஒருவர் ஈக்வலைசரைத் தொட்டுவிட்டுப் போன மாதிரி. ஸ்பீக்கரின் வளைவு எப்படியோ அப்படியே ஒலியும் வளையும். சிலருக்கு அது இனிமையாக அமைந்துவிடும், சிலருக்கு நடுப்பகுதி குழியாகிவிடும், எது நடக்கும் என்பதை வளைவைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

பேஸில் இன்னொன்றும் நடக்கிறது. வூஃபரின் கூம்பு தன் போக்கில் ஆடாமல் பிடித்து வைப்பதில் ஆம்ப்புக்குப் பங்கு உண்டு. வூஃபர் சுருளின் மின்தடை 3 ஓம் என்று வையுங்கள், வரிசையில் ஆம்ப்பின் 1 ஓம் சேர்ந்தால் அந்த மின்பிடி நான்கில் ஒரு பங்கு தளர்ந்துவிடும். இன்றைய பெரிய ஸ்பீக்கர்களைப் பெரும்பாலும் டிரான்சிஸ்டர் ஆம்ப்பை மனதில் வைத்தே வடிவமைக்கிறார்கள், அந்தப் பிடி முழுசாக இருக்கும் என்ற கணக்கில்தான் பெட்டியையும் அதன் காற்றுத் துளையான போர்ட்டையும் அமைக்கிறார்கள். ஒருமுறை ஒருவர் 300பி ஆம்ப் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார், பேஸ் ‘கும் கும்’ என்று அடிக்கிறது, ஆம்ப் பழுது என்றார். வால்வை மாற்றிப் பார்த்தேன், கெப்பாசிட்டர்களைச் சோதித்தேன், எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் அவர் வீட்டுக்கே போய் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸை அளந்தேன், குறைந்தபட்சம் 3 ஓமுக்குப் பக்கத்தில், இரண்டு பெரிய வூஃபர். ஆம்ப்பில் கோளாறே இல்லை. 8 ஓம் டேப்பில் மாட்டியிருந்த ஒயரை 4 ஓம் டேப்புக்கு மாற்றினேன், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. மீதிப் பாதிக்கு நான் செய்ய ஒன்றுமில்லை, அந்த ஆம்ப்பும் அந்த ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான். நல்ல காசு கொடுத்து வாங்கியவரிடம் இதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

டேப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதை விளக்கிவிடுகிறேன். 8 ஓம் டேப்பிலிருந்து 4 ஓம் டேப்புக்கு வந்தால் ஆம்ப்பின் உள் இம்பீடன்ஸும் ஏறக்குறைய பாதியாகும். மேலே சொன்ன 2.7 டெசிபல் ஏற்றத்தாழ்வு 1.5 ஆகிவிடும். 4 ஓம் ஸ்பீக்கரை 8 ஓம் டேப்பில் போட்டால் வால்வுக்குத் தெரியும் சுமை பாதியாகி, பவர் குறைந்து டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) ஏறும். 8 ஓம் ஸ்பீக்கரை 4 ஓம் டேப்பில் போடுவது அப்படியில்லை, பவர் கொஞ்சம் குறையும், ஒலி பெரும்பாலும் சுத்தமாகும். ஆக, சந்தேகம் வந்தால் சின்ன எண். உங்கள் ஸ்பீக்கருக்கு 4 ஓம் டேப் இல்லாத ஆம்ப்பை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்க வேண்டாம்.

அப்புறம் அந்த டிரான்ஸ்ஃபார்மர். வால்வு ஆம்ப்பில் காசு போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான், வால்வின் பெயரில் இல்லை. சுருதி பாதியானால், அதே வோல்ட்டுக்கு இரும்புக்குள் ஓடும் காந்தப்பாய்வு இரட்டிப்பாகும். 60 ஹெர்ட்ஸில் முழு பவர் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் 30 ஹெர்ட்ஸில் கால்வாசி பவரில் திணறிவிடும். அதனால் ‘50 வாட்’ என்பதை எந்த ஹெர்ட்ஸில் அளந்தார்கள் என்று கேளுங்கள். 1 கிலோஹெர்ட்ஸில் மட்டும் அளந்து போட்டிருந்தால் உங்கள் இரட்டை வூஃபருக்கு அது உதவாத தகவல். விற்பவரிடம் அளவு இல்லையென்றால் எடையைப் பாருங்கள்: ஸ்டீரியோவில் 40, 50 வாட் என்று சொல்லும் ஆம்ப் 8 கிலோதான் இருக்கிறது என்றால் இரும்பில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள். ஒரு வால்வே முழு அலையையும் கையாளும் சிங்கிள் எண்டெட் ஆம்ப்பில் இன்னும் கஷ்டம், அங்கே டிசி கரண்ட் நேராகச் சுருளில் ஓடுவதால் இரும்பில் காற்று இடைவெளி விட்டாக வேண்டும், அதே பவருக்கு இரும்பு அதிகம் தேவை. இரண்டு வால்வுகள் எதிரெதிராக ஜோடி சேர்ந்து வேலை செய்யும் புஷ்-புல்லில் இரண்டு பக்க டிசியும் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும்.

இதனால்தான் உங்களைப் போன்ற ஸ்பீக்கருக்கு நான் புஷ்-புல் பக்கம் போகச் சொல்கிறேன், அளவான ஃபீட்பேக்கோடு. ஃபீட்பேக் என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. 1947இல் வில்லியம்சன் என்ற பொறியாளர் வெளியிட்ட 15 வாட் ஆம்ப்பில் 20 டெசிபல் ஃபீட்பேக் இருந்தது, நல்ல டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் அது என்ன செய்யும் என்று அன்றைக்கே காட்டிவிட்டார். 1959இல் வந்த டைனாகோ ஸ்டீரியோ 70, இஎல்34 வால்வுகளில் பக்கத்துக்கு 35 வாட் கொடுத்தது. 1961இல் வந்த மெக்கின்டாஷ் எம்சி275, கேடி88 வால்வுகளில் பக்கத்துக்கு 75 வாட். இன்று விற்கும் புஷ்-புல் ஆம்ப்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பங்களின் வாரிசுகளே. உங்கள் தேவைக்கு இஎல்34 ஜோடி 35, 40 வாட் என்பது குறைந்தபட்சம், கேடி88 ஜோடியில் 50, 60 வாட் என்றால் நிம்மதி. இஎல்84 போட்ட 12, 15 வாட் ஆம்ப் எனக்கு ரொம்பப் பிடித்த வகை, நடுச்சுருதியில் அதன் தெளிவு தனி, ஆனாலும் உங்கள் அறைக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

இனி சந்தேகத்துக்குரிய விஷயங்கள். வால்வு வாட் டிரான்சிஸ்டர் வாட்டைவிடச் சத்தமானது என்பார்கள். வாட் வாட்தான். ஃபீட்பேக் குறைந்த வால்வு ஆம்ப் எல்லை தாண்டும்போது அலையின் முனை வெட்டுப்படாமல் மழுங்குகிறது, அதனால் ஒரு நொடிப்பொழுது மிஞ்சினால் காது உறுத்தாது, இது உண்மை. அதை வைத்து வாட்டை இரண்டால் பெருக்கலாம் என்ற கணக்கை நான் நம்பவில்லை. வால்வு ஒலியின் இனிமைக்கு இரண்டாம் ஹார்மோனிக் (மூலச் சுருதியின் இரட்டிப்பில் ஆம்ப் சேர்க்கும் ஒலி) காரணமா, மேலே சொன்ன இம்பீடன்ஸ் விளைவு காரணமா என்றால், நான் இரண்டாவதுக்கே அதிகப் பங்கு கொடுப்பேன், இது என் அனுபவத்திலிருந்து சொல்வது. 1985இல் பாப் கார்வர் என்ற வடிவமைப்பாளர் தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்பை மாற்றியமைத்து, விலை உயர்ந்த ஒரு வால்வு ஆம்ப்பிலிருந்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாதபடி ஒரு ஹைஃபை பத்திரிகையின் ஆசிரியர்களிடமே காட்டினார். வால்வுக்குள் மந்திரம் இல்லை, அளக்கக்கூடிய காரணங்கள்தான் என்று எனக்கு அது சொல்கிறது. ஒரே எண் கொண்ட வால்வை வேறு கம்பெனிக்கு மாற்றினால் இசை கேட்கும் மேடை அகலமாக விரியும் என்பதெல்லாம், சில ஆம்ப்பில் ஏதோ கேட்டிருக்கிறேன், பலவற்றில் எதுவும் கேட்டதில்லை. முதல் வருடம் அதில் காசு போடாதீர்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள், இப்போதுள்ள டிரான்சிஸ்டர் ஆம்ப்பிலேயே முடியும், ஒரு மல்டிமீட்டர் போதும். மைனஸ் 12 டெசிபலில் (பதிவில் வரக்கூடிய உச்ச வோல்ட்டில் நான்கில் ஒரு பங்கு) பதிவான 120 ஹெர்ட்ஸ் சைன் ஒலிக் கோப்பு ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிளேயரில் சத்தத்தைத் தானாகச் சமப்படுத்தும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். நீங்கள் எப்போதாவது கேட்கும் அதிகபட்சச் சத்தத்துக்கு வால்யூமை ஏற்றி இசையைப் போடுங்கள், அந்த வால்யூமைத் தொடாதீர்கள். ஆம்ப்பை அணைத்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, ஆம்ப்பை மட்டும் மறுபடி போட்டு, அந்தக் கோப்பை ஓடவிட்டு ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட்டைப் பாருங்கள். வந்த எண்ணை 4ஆல் பெருக்குங்கள், அதுதான் அந்த வால்யூமில் உங்களுக்கு அதிகபட்சம் தேவைப்படும் வோல்ட். அதை வர்க்கமாக்கி 4 ஓமால் வகுத்தால் வாட். 1.5 வோல்ட் காட்டினால் 6 வோல்ட், 9 வாட். 3.5 காட்டினால் 14 வோல்ட், 49 வாட். என் மேற்சொன்ன மதிப்பீட்டைவிட இதை நம்புங்கள், இது உங்கள் அறை, உங்கள் காது, உங்கள் பழக்கம். ஆனால் ஒன்று, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டும் இந்தச் சோதனையை வால்வு ஆம்ப்பில் ஒருபோதும் செய்யாதீர்கள். சுமை இல்லாமல் சிக்னல் கொடுத்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்ட் எகிறி அது எரிந்துபோகலாம்.

ஒருவேளை சோதனையில் 9 வாட்டுக்குள் வந்து, உங்கள் மனமும் 300பியிலேயே நின்றால், ஸ்பீக்கரை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள், 95 டெசிபலுக்கு மேலே, 8 ஓம், தட்டையான வளைவு உள்ள ஒன்றுக்கு. அல்லது பேஸை மட்டும் தனி ஆம்ப் கொண்ட சப்வூஃபருக்குக் கொடுத்துவிட்டு, வால்வு ஆம்ப்புக்குள் போகும் சிக்னலிலேயே 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். டிரான்ஸ்ஃபார்மரின் சுமை பெருமளவு இறங்கிவிடும், சின்ன ஆம்ப்கூட நிமிர்ந்து நிற்கும். பல வீடுகளில் இதைச் செய்திருக்கிறேன், ஏமாற்றியதில்லை.

பழைய ஆம்ப் வாங்குவதானால் வால்வைவிட டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள், வால்வும் கெப்பாசிட்டரும் மாற்றக்கூடியவை. பவர் வால்வுகள் சில ஆயிரம் மணி நேரத்தில் தேயும், அந்தச் செலவை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். பயஸ் (சிக்னல் இல்லாதபோது வால்வில் ஓடும் கரண்ட்டின் அமைப்பு) தானாக அமையும் வகையா, நீங்களே சரிசெய்ய வேண்டிய வகையா என்று கேளுங்கள், இரண்டாவது என்றால் வெளியிலிருந்தே அளக்கவும் திருப்பவும் வசதி இருக்க வேண்டும், அடிமூடியைக் கழற்ற வேண்டிய ஆம்ப் வேண்டாம். உள்ளே 400, 500 வோல்ட் இருக்கும், அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும்.

கேட்டுப் பார்க்கக் கடைக்குப் போகும்போது முடிந்தால் உங்கள் ஸ்பீக்கரையே தூக்கிக்கொண்டு போங்கள், அல்லது ஆம்ப்பை வீட்டுக்குக் கொண்டுவரக் கேளுங்கள். 4 ஓம் டேப்பில் ஒரு முறை, 8 ஓம் டேப்பில் ஒரு முறை, ஒவ்வொரு தடவையும் ஆம்ப்பை அணைத்து மாற்றி, ஒரே பாட்டை ஒரே சத்தத்தில் கேளுங்கள். பேஸ் வரியை வாயால் பாடிப் பாருங்கள், ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகப் பிடிபட வேண்டும். எல்லாம் ஒரே ‘கும்’ ஆகக் கேட்டால், விலை எவ்வளவு குறைத்தாலும் அந்த ஆம்ப்பை விட்டுவிட்டு வாருங்கள்.